திங்கக்கிழமை நெஞ்சு இறுக்கம்

அன்னூர் சுத்துவட்டாரத்துல ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போறவங்களுக்கும் அவங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் இன்னைக்கு ஒண்ணு சொல்லோணும்.

ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கறப்ப நல்லாத்தான் இருக்கும். திங்கக்கிழமை ஷிப்டுக்குப் போய்ச் சில மணி நேரத்துல நெஞ்சு இறுக்கும், வறட்டு இருமல் வரும். செவ்வாய், புதன்ல தணிஞ்சுரும். சளிதானேன்னு விட்டுர்றோம். பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய் பல பேருக்கு இப்படித்தானுங்க தொடங்குது. டாக்டருங்க அதை பைசினோசிஸ்னு சொல்லுவாங்க. புளோரூம், கார்டிங்ல நிக்கறவங்களுக்கு ஆபத்து அதிகம். வருசக்கணக்குல விட்டா வாரம் பூராவும் மூச்சு வாங்கும். அப்புறம் எந்த மருந்தும் நுரையீரலைப் பழையபடி ஆக்காது.

இது தெரிஞ்சும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறதில்லை? ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு. குழுக் கடன் தவணை காத்திருக்குது, புள்ளைக்கு பீஸ் கட்டோணும். அதனால மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு ஷிப்டுக்குப் போறாங்க. அக்கறை இல்லாத சனம்னு அவங்களைத் திட்டறதைக் கேட்டா எனக்கு மனசு வலிக்குது. கூலிக்கு வழி சொல்லாம வைத்தியத்துக்குப் போன்னு மட்டும் சொன்னா எப்படிப் போவாங்க?

வழி இருக்குதுங்க. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற மில்லுல, மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு இஎஸ்ஐங்கற தொழிலாளர் காப்பீடு உண்டு. 12,000 ரூபாய் சம்பளம்னா உங்க பங்கு 90 ரூபாய், முதலாளி பங்கு 390 ரூபாய். மாசாமாசம் கட்டற காசு இது. வைத்தியத்துக்குன்னுதான் பலபேர் நினைச்சிருக்காங்க. கூலிக்கும் அதுல வழி இருக்குது. இஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, வேலைக்குப் போகாத நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம் வரும், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும். முதல் ரெண்டு நாளுக்கு வராது. ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது பணம் கட்டியிருக்கோணும். அதனாலதான் சொல்றேன், உங்க பேருல ஒழுங்காக் கட்டறாங்களான்னு பாருங்க. சம்பளச் சீட்டுல பத்து இலக்க இஎஸ்ஐ நம்பர் இருக்கும். இல்லாட்டி ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க. ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்து ஹாஸ்டல்ல தங்கியிருக்கற புள்ளைங்களுக்கும் இது உண்டு. பக்கத்து மெஷின்ல நிக்கற நீங்கதான் அவங்களுக்கு எடுத்துச் சொல்லோணும்.

பத்துப் பேருக்குக் கம்மியா இருக்கற தறிக்கூடத்துக்கும் காட்டு வேலைக்கும் போறவங்களுக்கு இந்தக் கூலி கிடைக்காது. அது பெரிய குறைதான். ஆனா அவங்கள்ல சுகருக்கும் பிரஷருக்கும் மருந்து சாப்பிடறவங்க, 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரைப் பதிஞ்சுக்குங்க. மாத்திரை வீட்டுக்கே வரும், அரை நாள் கூலி மிஞ்சும்.

மில்லுக்காரங்க டாக்டர்கிட்டப் போறப்ப இருமல்னு மட்டும் சொல்லாதீங்க. எத்தனை வருசமா மில்லுல இருக்கறீங்க, எந்த டிபார்ட்மென்ட், எந்தக் கிழமை அதிகம் இறுக்குது, எல்லாத்தையும் சொல்லுங்க. இஎஸ்ஐக்கான தொழில் நோய்ப் பட்டியல்ல பைசினோசிஸ் இருக்குது. உங்க வேலை என்னன்னு சீட்டுல எழுதச் சொல்லி, அந்தச் சீட்டைப் பத்திரமா வச்சுக்குங்க.