நெய்வேலியும் நிலத்தடி வெப்பமும்

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவி எழுப்பி மின்சாரம் எடுக்கிறோம். அந்த ஆவியைப் பூமியின் சூடே தந்தால் கரியும் வேண்டாம், புகையும் இல்லை; இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904-லேயே அப்படி விளக்கு எரிந்தது. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் எரிமலை இல்லையே, இங்கே இது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் சூடு 25 முதல் 30 டிகிரி கூடுகிறது. ஆகவே ஆழத்தில் நல்ல வெந்நீர் கிடைத்தாலே போதும். குறைந்த சூட்டில் கொதிக்கும் வேறொரு திரவத்தை அது ஆவியாக்க, அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும்.

துளையிடும் செலவு பெரிய தடைதான். ஆனால் சிதம்பரத்தை அடுத்த புவனகிரிப் பகுதியில் எண்ணெய்க்காக ஆழ்கிணறுகள் முன்பே தோண்டப்பட்டிருக்கின்றன. துளையிட்டால் மண் கெடும் என்ற விவசாயிகளின் அச்சமும் நியாயமானது. அதற்காகவே 2020-இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எனவே புதுத் துளை வேண்டாம். பழைய கிணறுகளின் அடிச்சூட்டை முதலில் அளந்து, மக்களுக்குச் சொல்ல வேண்டும்.