முதலில் மைக் வாங்குவோம்

(குண்டலுபேட்டையில் சங்கக் குடும்பங்களின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூடலூரிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் இரவு 9 மணிக்குள் பந்திப்பூர்ச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் காலை 6 மணி வரை யானைகளுக்குத்தான் பாதை. ஆகவே வரவேற்புரையைச் சுருக்கிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

சங்கத்துக்கென்று ஒரு நேரலையும் மாதம் ஒரு ஒலிப்பதிவும் வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். கையிருப்பு 18,000 ரூபாய். நம் தம்பிகள் 60,000 ரூபாய் கேமரா ஒன்றைத் தவணையில் எடுக்கலாம் என்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசுவதற்காக வாங்கும் கேமராவுக்கு நாமே தவணைப் பாக்கி வைப்பதா?

நடந்ததைச் சொல்கிறோம். நம் அக்கா ஒருவர், கல் குவாரியில் ஜல்லி அள்ளுகிறவர், மூன்று மாதக் கூலி வராததைச் செல்போனில் பேசிப் பதிவு செய்தார். படம் பளிச்சென்று இருந்தது. அதை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். கேட்டதெல்லாம் கிரஷரின் இரைச்சல். மேஸ்திரி பெயரைச் சொன்ன இடம், தொகையைச் சொன்ன இடம், இரண்டும் அந்த இரைச்சலில் போயின. "எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவருக்கு இருந்த ஒரே ஆயுதம் பேச்சு. அதை வீணாக்கியது நாங்கள்தான். செல்போனை ஆறடி தள்ளிப் பிடித்தவர்கள் நாங்கள்.

ரயில் நிலையத்தில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒலிபெருக்கி அலறுகிறது, வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று யாருக்கும் புரிவதில்லை, எல்லோரும் கவுண்ட்டருக்கு வந்து கேட்கிறார்கள். சத்தம் குறைவு என்பதல்ல குறை. கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலி பேச்சோடு கலந்துவிடுகிறது. சங்க அறையில் தகரக் கூரைக்குக் கீழே பேசினால் இதே கதைதான். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். புரியாத பேச்சை ஒரு நிமிஷம்கூடக் கேட்க மாட்டார்கள்.

நம்மைவிட எளியவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கோலார் மாவட்டத்தில், தங்கவயலுக்குப் பக்கத்தில், பூதிகோட்டே என்றொரு ஊர். ஹைதர் அலி பிறந்த ஊர் என்பார்கள். தங்கச் சுரங்கம் மூடப்பட்ட அதே 2001-ஆம் ஆண்டில் அங்கே 'நம்ம த்வனி' தொடங்கியது. காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தொண்டு அமைப்புகள் வானொலி நடத்த அரசு அனுமதித்தது 2006-இல்தான். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சுயஉதவிக் குழுப் பெண்கள் ஒலிநாடாவில் பதிந்தார்கள், கூட்டங்களில் ஒலிபெருக்கியில் போட்டார்கள், பிறகு கேபிள் டிவி வயர் வழியாகவே வீடுகளுக்குக் குரலை அனுப்பினார்கள். வானத்தில் வழி இல்லையென்றதும் கம்பியில் வழி கண்டார்கள். வளைகுடாவுக்குப் போன நம் உறவுகளும் அந்நாளில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பவில்லையா? கேமரா இல்லையே என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஆகவே எங்கள் யோசனை இது. படத்துக்கு நம்மிடம் இருக்கும் செல்போன்களே போதும். பின்பக்கக் கேமராவால் எடுங்கள், பேசுகிறவர் முகம் ஜன்னலைப் பார்க்கட்டும், ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பணத்தை மைக்கில் போடுவோம். சட்டையில் குத்தும் வயர் காலர் மைக் ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிறது. போயா என்ற பெயரில் வருவதன் வயர் 6 மீட்டர் நீளம், ஒரு கூடத்துக்குத் தாராளம். வாங்கும்போது ஊசியைப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் செல்போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. புதுப் போன்களில் அந்த உருண்டைத் துளையே இல்லாதவை பல. அவற்றுக்கு டைப்-சி முனை வேண்டும். கடைக்குப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே பதிந்து கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மேஜையில் வைக்கும் பெரிய கண்டென்சர் மைக்கைப் படங்களில் பார்த்துத் தம்பிகள் ஆசைப்படுகிறார்கள். அமைதியான அறையில் அது நல்ல பொருள்தான். நம் வீடுகளில் அது மின்விசிறியையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்து வாங்கும். மைக்செட்காரர் வைத்திருக்கும் அகுஜா போன்ற டைனமிக் மைக் வாய்க்கு நெருக்கமான குரலை மட்டும் பிடிக்கும், இரைச்சல் உள்ள இடத்துக்கு அதுவே தோது. ஆனால் மேடை ஆம்ப்ளிஃபயரின் வயரை நேராகப் போனில் செருகிவிடாதீர்கள். அதன் வேகத்தைப் போன் தாங்காது, குரல் கரகரவென்று உடையும். மேடை மைக்கின் கழுத்தில் காலர் மைக்கை ஒட்டுத்தாளால் கட்டுங்கள், அது போதும். வயர் இல்லாத மைக் ஊர்வலத்துக்கு உதவும். பேட்டரி தீரும், தொலைந்தும் போகும். அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

எதிரொலிக்குக் காசே தேவையில்லை. சுவரில் கம்பளி, தரையில் பாய், கொடியில் நாலு பழைய புடவை. காற்றடித்தால் மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி. காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் ஒன்று கட்டாயம். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பிழை அப்போதே தெரியும். ஸ்டாண்டு, பவர் பேங்க், இரண்டு காலர் மைக், ஹெட்போன் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடியும். மீதி 12,000 சங்கத்தில் இருக்கட்டும். மழைக்காலம் வருகிறது, குவாரி மூடினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று நமக்குத் தெரியும்.

நேரலையைப் பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் படம் அனுப்பினால் 1,350 எம்.பி. தீரும். தினம் 1.5 ஜி.பி. கிடைக்கும் திட்டத்தில் அதோடு அன்றைய கணக்கு முடிந்தது. வெறும் குரலை 64 கிலோபிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி. கூட ஆகாது. ஊரில் இருக்கும் பாட்டியும் வாட்ஸப்பில் இறக்கிக் கேட்கலாம். யூடியூபில் போனிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரராவது வேண்டும், அனுமதி கிடைக்க ஒரு நாள் ஆகலாம். கூட்டத்தன்று காலையில் போய் முயன்று ஏமாற வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம், நேரலையில் வாய் தவறினால் திரும்பப் பெற முடியாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரை அடிக்கும் படம் செல்போன்களில் பரவியது. அடுத்து 12-ஆம் தேதி தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அன்று நம் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததை இங்குள்ள தாய்மார்கள் மறக்கவில்லை. ஆகவே விழாவும் பாட்டும் பட்டிமன்றமும் நேரலையில் போகட்டும். கூலி, விபத்து, மேஸ்திரி பற்றிய பேச்சு பதிந்து, இரண்டு பேர் கேட்டு, பிறகே வெளியே போகட்டும். பேசியவர் வேலை போய்விடும் என்று அஞ்சினால் முகம் வேண்டாம், குரல் மட்டும். குரலும் அடையாளம் தெரியும் என்றால் அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்கட்டும். தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒவ்வொன்றின் கடைசியிலும் இரண்டு நிமிஷம் கன்னடத்தில் சுருக்கம் சொல்லச் செய்வோம். இந்த ஊர்க் கல்லுடைப்பில் கன்னடக் கூலிகளும் இருக்கிறார்கள், பாக்கி அவர்களுக்கும் இருக்கிறது.

பதிவு செய்யும்போது போனை விமானநிலையில் வையுங்கள். முதல் பேட்டியின் நடுவில் மாமியார் அழைத்துவிட்டார், அதோடு பதிவு நின்றது. யார் மாமியார் என்று சொல்ல மாட்டோம்.

மைக் வாங்க மைசூருக்குப் போக இரண்டு தம்பிகள் பெயர் கொடுங்கள். ரசீது கட்டாயம் வேண்டும். வரும் ஞாயிறு காலை, கிரஷர் ஓடாத நேரத்தில், அந்த அக்கா வீட்டிலேயே மறுபடி பதிவு செய்கிறோம். கம்பளி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சாட்டர்பாக்கம் வேண்டாம், அவரைப் பேச விடுங்கள்.