எடைபோடப்படாத மூன்றாம் தரப்பு

(சங்கரன்கோவில் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இலங்கைப் போரில் யார் பலசாலி என்று நம் ஊர் டீக்கடைகளிலும் தறிக்கூடங்களிலும் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அரசிடம் முப்படையும் போர் விமானங்களும் இருந்தன. புலிகளிடம் ஆள் குறைவு. ஆனால் உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள் இருந்தார்கள், கடற்படையும் இருந்தது. 1996இல் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தது. 2000இல் ஆனையிறவு வீழ்ந்தது. 2007இல் சிறு விமானம் கொண்டு கட்டுநாயக்காவையே தாக்கினார்கள். ஆனால் 2004இல் கருணா பிரிந்தபோதே கிழக்கில் அவர்கள் பலம் உடைந்துவிட்டது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது.

இந்தக் கணக்கில் விடுபட்டவர் யார்? ஆயுதமில்லாதவர்கள்! 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம்! பல்லாயிரம் பேர் புத்தளத்தில் அகதிகளானார்கள்.

அரசின் படைபலம் அவர்களைக் காத்ததா? இல்லை. வென்ற பிறகாவது காத்ததா? 2014இல் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. முள்ளிவாய்க்காலில் சிக்கிய தமிழ் மக்களையும் எந்தத் தரப்பின் பலமும் காக்கவில்லை.

துப்பாக்கிகளை எண்ணுகிறவர் வெற்றியைக் கணிக்கலாம். நியாயத்தைக் கணிக்க முடியாது. இனி எந்த நாட்டுப் போர் பற்றிப் பேச்சு வந்தாலும், ‘யார் பலசாலி?’ என்று கேட்கும் முன், ‘ஆயுதமில்லாதவர் எங்கே ஓடினார்?’ என்று கேளுங்கள்.