தெளிவும் தூய்மையும்



நெய்தல் நிலத்துப் பட்டினமாகிய திருமலைராயன்பட்டினத்தில் நீரைப் பற்றிப் பேசப் புகுவோர்க்கு நெய்தற்கலியே துணை நிற்கும். பிரிவால் கலங்கிய ஒருத்தியின் உள்ளம் தலைவன் வரவால் தெளிந்ததற்கு, தேற்றா விதையால் தெளிந்த நீரை உவமையாக்குகிறது கலித்தொகை. அவ்விதையைக் குடத்தின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றினால் மண் அடியில் படியும். மேலே நீர் தெளியும்.

ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. வயலில் தெளித்த பூச்சிமருந்து பளிங்கு போன்ற நீரிலும் கரந்திருக்கலாம். கண் அதனைக் காணாது, நாவும் அறியாது. 2003 பிப்ரவரியில் தில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம், விலைக்கு விற்ற புட்டிநீரிலேயே பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததை வெளிப்படுத்தியபோது நாடே திடுக்கிட்டது.

அதே ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப்பும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும், பொன், வெள்ளி நானோ துகள்களால் எண்டோசல்பான் என்னும் நஞ்சினைக் கண்டறியவும் நீரினின்று பிரிக்கவும் இயலும் எனக் காட்டினர். நானோ துகளின் சிறுமை எத்தகையது? காளமேகம் மண்மாரி பொழியப் பாடினார் என்று கதை வழங்கும் ஊர் இது. மணலையே அளவாகக் கொள்வோம். அரை மில்லிமீட்டர் மணற்பரலின் குறுக்களவைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஐம்பது நானோமீட்டர். பொன் அந்த அளவுக்குச் சிறுத்தால் தன் மஞ்சள் நிறத்தை இழந்து நீரில் செந்நிறமாய்த் தோன்றும். நஞ்சு வந்து சேரின் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும், செம்மை நீலமாகும். காரைக்கால் அம்மையார் பாடிய கறைக்கண்டத்தை நினைவோர்க்கு இந்நிறமாற்றம் புதிதன்று!

வெள்ளியின் வேலை இன்னும் பெரிது. குளோரின் கொண்ட சில நச்சுச் சேர்மங்களை அது சிதைத்துவிடும். இவ்வாய்வின் வழியே 2007-இல் பூச்சிக்கொல்லி நீக்கும் வீட்டு வடிகட்டி விற்பனைக்கு வந்தது. 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வச்' வடிகட்டியில் வெள்ளித் துகள் ஏறியிருந்தது எதன்மேல்? உமிச் சாம்பலின்மேல்! பல் விளக்கவும் அடுப்பெரிக்கவும் நம்மவர் கொண்ட அதே உமிதான். நுண்துளை மிகுந்த அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா.

ஆனால் நோய்க்கிருமியைக் கொல்லும் வெள்ளி நீரோடு நம் உடலுள் புகுந்தால் என்னாகும்? இவ்வினாவே இத்துறையின் உயிர்நிலை. 2013-இல் பிரதீப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானையும் ஓர் அலுமினியச் சேர்மத்தையும் பிணைத்துக் கூண்டாக்கி, அதனுள் வெள்ளித் துகளை அவர்கள் சிறையிட்டனர். துகள் வெளியேறாது, அயனி மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் கசியும். குடிநீரில் பொறுக்கத்தக்க வரம்பு 100.

உப்பை நீக்க இந்த வெள்ளியால் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகளில் உவர்நீரைக் கண்ட மக்களிடம் நானோவை அமுதமென்று விற்பது அறமன்று.

மீனுக்கு வருவோம். பட்டினச்சேரிப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கண்ணின் ஒளியை நோக்குவார்கள். விரலால் சதையை அழுத்துவார்கள். இவ்வறிவை ஒரு சிறு ஒட்டுச்சீட்டில் அடக்க ஆய்வுலகம் முயல்கிறது. 2013-இல் பீகிங் பல்கலைக்கழகத்தார், பொன் நுண்கோல்மீது வெள்ளி மெல்லப் படியப் படியச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் சீட்டினைப் பால் கெடும் வேகத்திற்கு இசைய அமைத்தனர். வெப்பம் ஏறினால் நிறமாற்றமும் விரையும். அச்சீட்டு உணவைத் தொட்டறிவதில்லை. உணவு கடந்த காலத்தையும் வெயிலையும் மட்டுமே கணக்கிடுகிறது. பனிக்கட்டிப் பெட்டியில் நெடுந்தொலைவு செல்லும் மீனுக்கு அக்கணக்கு வேண்டும். கரையில் வந்திறங்கிய மீனுக்குச் செவுளைத் தூக்கும் கை போதும்.