வெளிச்சத்தைப் பார்த்துப் பிடி



மாங்குளம் சந்தியில் இன்று இரவு எட்டு மணிக்கும் கடைகள் பளிச்சென்று இருக்கின்றன. போர் காரணமாக, 1990க்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்சாரம் வரவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் டோர்ச் பற்றறியும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, அந்தச் சுடரில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வீடே கூடி வானொலிச் செய்தி கேட்டது.

அப்படிப்பட்ட ஊருக்கென்றே செய்ததுபோல ஒரு விளையாட்டுப் பொருள் இருந்தது. பற்றறி வேண்டாம், வயர் வேண்டாம். வெளிநாட்டில் இருந்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்த வியூ மாஸ்டர்தான் அது. அதை முதன்முதலில் கையில் வாங்கிய பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சத்தைப் பார்த்துப் பிடி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வில்லைகள் வைத்த சிறு பெட்டி. அதற்குள் செருக ஒரு வட்டத் தட்டு. தட்டின் விளிம்பில் நகத்தளவுப் பிலிம் துண்டுகள் 14. பக்கத்துப் பிடியை அழுத்தினால் டக்கென்று தட்டு திரும்பும், அடுத்த காட்சி வரும். ஆனால் காட்சிகள் ஏழுதான், ஏனென்றால் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு படங்கள்.

ஏன் இரண்டு? பிள்ளைகள் ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டுங்கள். இடது கண்ணை மூடுங்கள். இனி அதைத் திறந்து வலது கண்ணை மூடுங்கள். விரல் துள்ளுகிறது, இல்லையா? இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரைச் சென்ரிமீற்றர் இடைவெளி. ஆகவே இரண்டும் காண்பது ஒரே காட்சி அல்ல. அந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தை அறிகிறது. இங்கிலாந்தின் சார்ல்ஸ் வீட்ஸ்ரன் 1838இல் இதை எழுதிக் காட்டினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான். அதனால் அவர் கையால் வரைந்த கோட்டுப் படங்களையும் இரண்டு கண்ணாடிகளையும் வைத்தே நிரூபித்தார். பிறகு டேவிட் புரூஸ்டர் வில்லைகள் வைத்த பெட்டியைக் கொண்டுவந்தார். 1861இல் அமெரிக்க மருத்துவர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான கருவி ஒன்றை வடிவமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் செய்து விற்கலாம் என்று விட்டுவிட்டார். ஏழை வீட்டு மேசைக்கும் அது போய்ச் சேர்ந்ததில் அவருடைய பெருந்தன்மைக்குப் பங்கு உண்டு.

இலங்கைக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது. நியூ ஜேர்சியின் மேப்பிள்வூட் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் ரிக்கல்ரன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். மின்விளக்குக்குள் எரியும் இழைக்கு நல்ல மூங்கில் தேடி, தோமஸ் எடிசன் 1888இல் அவரைக் கிழக்கே அனுப்பினார். அவர் இலங்கைக்கும் வந்தார், இந்தியாவுக்கும் போனார். சில ஆண்டுகளில் ஆசிரியத் தொழிலை விட்டு, இரட்டை வில்லைக் கமெராவோடு உலகம் சுற்றும் படப்பிடிப்பாளராகிவிட்டார். அண்டர்வூட் அண்ட் அண்டர்வூட் என்ற அமெரிக்க நிறுவனம் அவர் எடுத்த படங்களை அட்டைகளாக விற்றது. அமெரிக்க வீடுகளில் அட்டையைக் கருவியில் செருகி, கொழுந்து பறிக்கும் பெண்களையும் ஆற்றில் குளிக்கும் யானைகளையும் பார்த்து, இதுதான் இலங்கை என்று எண்ணிக்கொண்டார்கள். வெளிச்சத்துக்கு இழை தேடி வந்த மனிதரின் தொழில் வெளிச்சத்தில் படம் பிடிப்பதாக மாறியது. ஆனால் அந்த அட்டைகளில் நின்றவர்கள் தங்களுடைய படத்தைக் கண்டிருப்பார்களா என்று கேட்கும்போது மனம் கனக்கிறது.

வியூ மாஸ்டரும் ஒரு தற்செயலில்தான் பிறந்தது. வில்லியம் குரூபர் ஜேர்மனியில் பிறந்தவர், அமெரிக்காவின் போர்ட்லண்டில் பியானோ சுருதி சேர்த்துப் பிழைத்தவர். 1938இல் ஓரிகன் குகைகளில் இரண்டு கமெராக்களைச் சேர்த்துக் கட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, சோயர்ஸ் என்ற தபாலட்டை நிறுவனத்தின் தலைவர் ஹரல்ட் கிரேவ்ஸ் அவரைக் கண்டார். அடுத்த ஆண்டே நியூயோர்க் உலகக் கண்காட்சி நடந்த காலத்தில் கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. கொடாக்குரோம் பிலிமில் அச்சான அந்தக் காலத் தட்டுகள் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன. பிற்காலத்தில் வேறு பிலிமில் வந்தவைதான் சிவந்துபோயின.

அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நினைவு கூரும்போது, தட்டில் இருந்த மலையையும் அருவியையும் விடக் காத்திருந்ததைத்தான் அதிகம் சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். மற்றவர்கள் சுற்றி நின்று, என்ன தெரியுது, என்ன தெரியுது என்று கேட்டபடி இருப்பார்கள். பார்க்கிற பிள்ளை வானத்தைப் பார்த்த முகத்தோடு, மரம் முன்னுக்கு நிற்குது, மான் பின்னுக்கு நிற்குது என்று சொல்ல வேண்டும். தன் முறை வருவதற்குள்ளேயே பாதிப் படத்தைக் காதால் பார்த்தாயிற்று. தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் வாய்மூடி இருக்கிறோம். இந்தப் பெட்டி பிள்ளைகளைப் பேச வைத்தது.

எனக்கு ஒன்றும் முன்னுக்கு வரேல்லை என்று சொன்ன பிள்ளையும் இருந்திருக்கும். அதைக் கேலி செய்யக் கூடாது. மாறுகண் போன்ற குறையால் இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்காவிட்டால் இந்தப் பெட்டியில் ஆழம் தெரியாது. அப்படிச் சொல்கிற பிள்ளையைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போவதுதான் பெரியவர்களின் வேலை.

வன்னியையும் ஒரு காலத்தில் இப்படி இரட்டைப் படங்களாகப் பார்த்தார்கள். 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியோடு, இந்தத் தீவை விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள். விமானம் நேர்கோட்டில் பறக்க, ஒரு படத்தின் பகுதி அடுத்த படத்திலும் விழும். அந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து இரட்டைக் கண்ணாடியால் குனிந்து பார்த்தால் காடு எழுந்து நிற்கும். பாலையும் வீரையும் வளர்ந்த காட்டின் உயரத்தை மேசையிலிருந்தே அளக்கலாம். சிறு குளத்தின் அணைக்கட்டு வரப்புப்போல் தெரியும். கனகராயன் ஆறு எந்தப் பள்ளத்தால் இறங்கி இரணைமடுவுக்குப் போகிறது என்று கண்ணால் தொடரலாம். அந்தக் காட்சி அதிகாரிகளின் மேசையில் இருந்தது. இங்கே மண்ணில் நின்றவர்களின் கைக்கு வரவில்லை.

பிறகு நடந்ததை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது கலியாண அல்பங்களும் பிள்ளைகளின் முதல் படங்களும் வழியில் விடுபட்டன. 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி இந்த ஊரைத் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போனது. அல்பங்கள் திரும்பி வரவில்லை.

ஆனால் படங்கள் ஓர் ஊரை மீட்டுத் தருவதும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு சிறுவன் காலை உணவுப் பெட்டிக்குள் வந்த இரட்டைப் பட அட்டையில் விலங்குகளைப் பார்த்து மயங்கினான். குயீன் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் பிரையன் மேதான் அந்தச் சிறுவன். 2007இல் வானியற்பியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரே, ரி. ஆர். வில்லியம்ஸ் என்பவர் 1850களில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை எடுத்த இரட்டைப் படங்களைத் தேடிச் சேர்த்து, அது எந்த ஊர் என்று கண்டுபிடித்து, 2009இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு சிற்றூரின் அறுவடையும் முற்றமும் ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஆழத்தோடு எழுந்து நிற்கின்றன.

மாங்குளத்துக்கு மட்டும் அது ஏன் கூடாது? விலை உயர்ந்த கமெரா வேண்டாம், கைபேசி போதும். இடது காலில் பாரத்தை வைத்து ஒரு படம், கையை அசைக்காமல் பாரத்தை வலது காலுக்கு மாற்றி இன்னொரு படம். இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சிட்டால் அட்டை தயார். இரண்டு உருப்பெருக்கி வில்லைகளும் காலணிப் பெட்டி மட்டையும் இருந்தால் பார்க்கும் கருவியைப் பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். பிரதிகளை, தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் சேர்க்கக் கேட்கலாம்.

முதலில் ரயில் நிலையத்தை எடுக்கட்டும். பிறகு குளத்துக் கட்டு, காலைச் சந்தை, முல்லைத்தீவு வீதி ஏ-9இலிருந்து பிரிகிற மூலை, வீட்டு வளவில் தப்பி நிற்கிற பழைய கிணறு. அட்டைகள் வந்ததும் முதல் முறையை முன்வரிசைக் கதிரைகளில் இருக்கிற இந்த ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கோ அம்மம்மா, என்ன தெரியுது என்று கேட்டுக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருக்கட்டும்.