வளையவும் வேண்டும், உடையவும் கூடாது



பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைப்பதுபோலத் தொலைக்காட்சித் திரையையும் சுருட்டி வைக்க முடியுமா? முடியும் என்று செய்தே காட்டிவிட்டார்கள். தென் கொரியாவின் எல்ஜி நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் அத்தகைய தொலைக்காட்சி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. 65 அங்குலத் திரை, பெட்டிக்குள்ளிருந்து மேலெழும்பும். பார்த்து முடித்தபின் சுருண்டு உள்ளே இறங்கிவிடும். 2020 அக்டோபரில் கொரியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 10 கோடி வோன்.

அந்தத் தொலைக்காட்சி நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனால், அதே அடிப்படையில் அமைந்த மடக்குக் கைத்தொலைபேசிகள் பட்டணத்துக் கடைகளுக்கு வந்துவிட்டன. நகரத்தில் வேலை செய்யும் பிள்ளை, சேர்த்து வைத்த பணத்தில் ஒன்றை வாங்கி வரக்கூடும். திரை பழுதானால் மாற்றும் செலவு சிறிதன்று. ஆகவே அது எப்படி வளைகிறது, எதனால் உடைகிறது என்று அறிந்து வைத்தல் நல்லது.

நாம் நன்கறிந்த ரப்பரிலிருந்தே தொடங்குவோம். உறைந்த பச்சை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், கடுங்குளிரில் விறைத்துப்போகும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். கந்தகம் சிறிதளவு சேர்ந்தால் சைக்கிள் டியூப் கிடைக்கும். மிகுதியாகச் சேர்ந்தால் எபோனைட் என்னும் கட்டைபோன்ற பொருளாகிவிடும், அது வளையாது. உறுதி கூடக் கூட வளையும் தன்மை குறைகிறது. திரை செய்வோரையும் இந்தச் சிக்கலே வாட்டியது.

இப்போது ஒரு சோதனை. தேய்ந்த சிலிப்பர் ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டு விளிம்பில் மேலிருந்து கீழாகப் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போடுங்கள். பிறகு வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் கோடுகள் விலகும், உட்புறத்தில் நெருங்கும், நடுவிலோ பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது, நடுப்பகுதிக்குத் துன்பமில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, தடிப்பைக் குறைக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டை 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்றினால், அதன் வெளிப்புறம் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு நீள வேண்டும். சன்னல் கண்ணாடியோ நூற்றுக்கு 1 பங்கு நீளும் முன்பே உடைந்துவிடும். அதே குழாயில் 0.03 மில்லிமீட்டர் தகட்டைச் சுற்றினால், ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு நீண்டால் போதும். தலைமயிரினும் மெல்லியதாக்கி, வேதிமுறையில் உறுதியூட்டினால் கண்ணாடிகூட வளையும்.

இரண்டாவது, எளிதில் விரிசல் காணும் பகுதிகளை நடுவில் வைக்க வேண்டும். இத்திரைகளில் ஒளி தருவது கரிமப் பொருள்களாலான மெல்லிய படலம். அதற்குப் பின்னாலிருந்து விளக்கொளி தேவையில்லை, தானே ஒளிரும். ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் அது கெட்டுவிடும். காற்றுப் புகாமல் காக்கும் கடின உறையோ வளைத்தால் விரிசல் விடும். எனவே கடினப் படலத்தையும் மென்படலத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி, அவற்றை இயன்றவரை நடுப்பகுதியில் அமைக்கிறார்கள். அடியில் தாங்குவது கண்ணாடியன்று. சூட்டைத் தாங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்.

மூன்றாவது பாடத்தைப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் சொல்லும். அதை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கின்றன. எல்லாத் தாள்களையும் கெட்டிப் பசையால் ஒட்டிவிட்டால் புத்தகம் பலகையாகிவிடும். திரையின் அடுக்குகளுக்கிடையே இழுபடக்கூடிய மென்பசை இடுவது இதற்காகவே.

இவ்வளவு செய்தும் ஒரு குறை தீரவில்லை. மெல்லியது வளையும், ஆனால் குத்தையும் கீறலையும் தாங்காது. 2019 ஏப்ரலில் சாம்சுங் நிறுவனம் தனது மடக்குத் தொலைபேசியைச் சோதித்து எழுதும்படி செய்தியாளர்களிடம் கொடுத்தது. சில நாளிலேயே அவற்றுள் சில பழுதாயின. மேலிருந்த பிளாஸ்டிக் படலத்தைச் சிலர் கடையில் ஒட்டித் தரும் தாளென்று எண்ணி உரித்துவிட்டனர். அதுவோ திரையின் ஓர் அங்கம். வேறொன்றில் கீலின் இடுக்கு வழியே துகள் புகுந்து, திரையை உள்ளிருந்து முட்டியது. நிறுவனம் விற்பனையைத் தள்ளிவைத்து, படலத்தின் ஓரத்தைச் சட்டத்தின் கீழ் மறைத்து, இடுக்குகளுக்கு மூடி அமைத்து, செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2020 பிப்ரவரியில் வந்த அடுத்த வகையில் மெல்லிய கண்ணாடி சேர்ந்தது. அதன்மீதும் பிளாஸ்டிக் படலம் போட வேண்டியிருந்தது.

எனவே இத்தகைய தொலைபேசி வீட்டுக்கு வந்தால் மூன்றை நினைவிற் கொள்ளுங்கள். மேற்படலத்தை உரிக்காதீர்கள். மணலும் தூளும் இருக்கும் சட்டைப்பையில் போடாதீர்கள். நகத்தால் அழுத்தாதீர்கள். பழையதை வாங்கினால் மடிப்பு விழும் இடத்தில் விரிசலோ கரும்புள்ளியோ உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்தபின் பணத்தை எடுங்கள்.

எல்லா வலிமையும் உள்ள ஒரே பொருளை அந்தப் பொறியாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. கடினமானதற்குக் காக்கும் வேலை, மென்மையானதற்கு இடம் கொடுக்கும் வேலை, நொய்ந்ததற்கு நடுவில் இடம் என்று பங்கிட்டு வைத்தார்கள். அதற்கு வேண்டிய அறிவின் தொடக்கம் ஒரு சிலிப்பரிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை புத்தகத்தை வளைத்து விளையாடினால், அதட்டுவதற்கு முன் அதன் விளிம்பில் தாள்கள் எப்படி நகர்கின்றன என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.