வெளுப்பின் சொற்களும் வெள்ளாவியின் அறிவியலும்

சலவையைக் குறிக்கும் 'லாண்டரி' என்னும் ஆங்கிலச் சொல், கழுவுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. 'ஷாம்பு' என்பதோ, உடலைப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, பின்னர் தலைகழுவும் பொருளுக்குப் பெயராயிற்று.

தமிழிலும் சலவைச் சொற்கள் பல உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரளத்துடனான நீண்ட உறவின் காரணமாக, துவைத்தல் என்பதோடு 'அலக்குதல்' என்னும் சொல்லும் வழங்குகிறது. கையால் தேய்ப்பது கசக்குதல், கல்லில் அடித்து அழுக்கைப் பிரிப்பது துவைத்தல், நீரில் ஆட்டி எடுப்பது அலசுதல் எனத் தமிழ் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே பெயரிட்டுள்ளது.

சலவை முறைகளுள் நுட்பம் மிகுந்தது வெள்ளாவி, அதாவது துணிகளை நீராவியில் அவித்து வெளுக்கும் முறை. சோடியம் கார்பனேட் கலந்த உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, கொதிநீர்ப் பானையின் மேல் அடுக்கி அவிக்கும்போது, அம்மண்ணின் காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கரைக்க, வெப்பம் நோய்க்கிருமிகளை அழிக்கிறது. பின்னர் துணிகளை ஆற்றிலோ குளத்திலோ அடித்து அலசி, மஞ்சள் நிறத்தை மறைக்க நீலமும், விறைப்புக்குக் கஞ்சியும் இடுவர்.

வேதியியல் நூல்களைப் பயிலாமலேயே இம்முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த சலவைத் தொழிலாளர்கள், ஊரின் சுகாதாரத்தைப் பேணியவர்கள் என்ற மதிப்புக்கு முழுவதும் உரியவர்கள்.